கடலை மிட்டாய் மட்டும்தானா கோவில்பட்டி? ஒரு ஹாக்கி போட்டி ஊர்ப் பெருமையை உருவாக்குவது எப்படி?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் எதிர்கொள்ளும் கேள்வி: “உங்களுக்கு எந்த ஊரு?” மதுரை, தஞ்சாவூர் என்றால் பேச்சு தானாக நீளும். “கோவில்பட்டி” என்று சொல்லிப் பாருங்கள். “ஓ, கடலை மிட்டாய்!” என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கம் என்றால் அதுவும் கிடையாது. “அது எங்க இருக்கு?” என்ற அடுத்த கேள்விதான் வரும்.

கடலை மிட்டாயில் குறை ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. ஆனால் அதே கோவில்பட்டிக்கு விளையாட்டு வட்டாரத்தில் இன்னொரு பெயரும் உண்டு: ‘ஹாக்கிப்பட்டி’. மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் பூமி. தீப்பெட்டியும் பட்டாசும் பஞ்சாலையும் சோறு போடும் ஊர். அங்கே இந்தப் பெயர் எப்படி ஒட்டியது? ஒரு ஊர் தன்னைப் பற்றிப் பெருமையாக நினைக்க ஒரு போட்டியோ விழாவோ எப்படி உதவுகிறது? எல்லாப் பெருமையும் நல்ல பெருமைதானா? பார்ப்போம்.

‘ஹாக்கிப்பட்டி’யின் கதை என்ன?

மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது கோவில்பட்டி. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினால், இங்கே ஹாக்கி மட்டையோடு மைதானத்துக்குப் போகிற பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. அப்பா ஆடினார், சித்தப்பா ஆடினார், அதனால் நானும் ஆடுகிறேன் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு.

அந்தப் பழக்கத்தை ஊர்த் திருவிழாவாக மாற்றியது கோடையில் நடக்கும் அகில இந்திய ஹாக்கி போட்டி. கே.ஆர். மருத்துவம் மற்றும் கல்வி அறக்கட்டளை சார்பில், லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நடத்தப்படும் போட்டி இது. கிருஷ்ணா நகரில் உள்ள செயற்கைப் புல்வெளி மைதானத்தில் நடக்கிறது. ரயில்வே, வங்கி, கடற்படை, தணிக்கைத் துறை என்று நாட்டின் பல பகுதிகளில் இருந்து அணிகள் வருகின்றன. டிவியில் பார்க்கிற தரத்தில் உள்ள ஆட்டத்தை, பஸ் ஸ்டாண்டில் இருந்து ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம்.

அதே மைதானத்தை ஒட்டி இன்னொரு அமைப்பும் வளர்ந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், ஹாக்கிக்கான சிறப்பு விளையாட்டு விடுதியைக் கோவில்பட்டியில் நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். வெளி மாவட்டப் பையன்களும் இங்கே வந்து தங்கி ஆடுகிறார்கள்.

2022 மே மாதத்தில் என்ன நடந்தது?

ஒரு விழா எங்கே போய் முடியும் என்பதற்கு அந்த மாதமே உதாரணம். 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கி சாம்பியன்ஷிப்பைக் கோவில்பட்டி நடத்தியது. பல மாநில அணிகள் இந்த ஊருக்கு வந்து இறங்கின. பெருநகரங்களில் நடக்க வேண்டியது என்று நாம் நினைக்கிற ஒரு தேசியப் போட்டி, கரிசல் காட்டு ஊரில் நடந்தது.

அதே மே 23-ம் தேதி, இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை தொடங்கியது. இந்திய அணியில் இரண்டு தமிழ்நாட்டு வீரர்கள்: கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரில் இருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்த கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என டிரா. கடைசியில் இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோதும் கார்த்தி அணியில் இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பேரில் ஒருவர்தான் உள்ளூர்க்காரர். இன்னொருவருக்கு இது சொந்த ஊர் இல்லை, வளர்த்த ஊர். ஆனால் கோவில்பட்டி இருவரையும் ‘நம்ம பையன்’ என்றுதான் சொல்கிறது. ஊர்ப் பெருமை பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

சரி, ஒரு போட்டி நடந்தா ஊருக்குப் பெருமை எப்படி வரும்?

இதற்குச் சமூகவியலில் ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-ல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே விஷயத்தைப் பார்த்து உணர்ச்சிவசப்படும்போது தனித்தனி ஆட்கள் ‘நாம்’ ஆகிவிடுகிறார்கள் என்று விளக்கினார். மத விழாக்களை வைத்து அவர் சொன்னது, மைதானத்துக்கும் அப்படியே பொருந்தும். கடைசி நிமிடத்தில் பெனால்டி கார்னர். கேலரியில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. கோல் விழுந்ததும் அவர் தோளைப் பிடித்துக் குலுக்குகிறோமே, அதுதான்.

ஆனால் உணர்ச்சி மறுநாள் வடிந்துவிடும். அது பெருமையாகத் தங்க வேண்டும் என்றால் இன்னும் 3 விஷயங்கள் வேண்டும்.

1. வெளியார் கண்: நம் வீட்டுக்கு விருந்தாளி வரும்போதுதான் திண்ணையைக் கூட்டித் துடைக்கிறோம். ஊரும் அப்படித்தான். டெல்லி அணி நம் ஊர் லாட்ஜில் தங்கி, நம் ஊர் புரோட்டா சாப்பிட்டு, நம் மைதானத்தைப் பாராட்டிவிட்டுப் போகும்போது, ‘நம்ம ஊர்ல என்ன இருக்கு?’ என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது.

2. ஆளுக்கு ஒரு வேலை: பந்து பொறுக்கிப் போடும் பையன், ஸ்கோர் எழுதும் வாத்தியார், மைக் பிடிக்கும் அண்ணன், தண்ணீர் கேன் இறக்கும் கடைக்காரர். பார்த்தவருக்கு அது ஒரு நிகழ்ச்சி. வேலை செய்தவருக்கு அது தன்னுடைய நிகழ்ச்சி.

3. ஏணி: இதுதான் முக்கியம். பந்து பொறுக்கிய பையன் நாளைக்குப் பள்ளி அணி, அடுத்து விடுதி, அடுத்து மாநில அணி என்று ஏற வழி இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வங்கி அணிகளும் ஆள் எடுக்கின்றன. மழை பொய்த்தால் வருமானம் பொய்க்கிற ஊரில், ஹாக்கி மட்டை ஒரு மாதச் சம்பளமாகவும் மாற முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஏணி இல்லாத விழா வெறும் வாணவேடிக்கை. அன்றைக்கு மட்டும் வெளிச்சம்.

இது ஹாக்கிக்கு மட்டும்தானா?

இல்லை. கோவில்பட்டியில் இருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் எட்டயபுரம். பாரதியார் 1882-ல் பிறந்த ஊர். இன்றைக்கு எட்டயபுரம் என்றாலே பாரதிதான். ஆனால் இது தானாக நடந்ததில்லை. 1921-ல் பாரதி இறந்தபோது அவருக்கு இவ்வளவு பெரிய பெயர் இல்லை. பிறந்த ஊரில் அவருக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று எழுத்தாளர் கல்கி 1940-களில் தன் பத்திரிகையில் எழுதி வாசகர்களிடம் நிதி கேட்டார். வாசகர்கள் அனுப்பிய பணத்தில் 1945-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1947 அக்டோபரில், நாடு விடுதலை அடைந்த இரண்டாவது மாதம், மணிமண்டபத்தை ராஜாஜி திறந்து வைத்தார்.

அந்த மண்டபத்தை ஒரு ராஜாவோ முதலாளியோ மட்டும் கட்டியிருந்தால் அது அவர் பெயரில் இருந்திருக்கும். பல பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததால் அது எல்லோருடையதும் ஆனது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிற நம் ஊர் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். பணம் மட்டுமே நோக்கம் என்றால் பணக்காரர் ஒருவரிடம் வாங்கினால் போதும். எல்லா வீட்டிலும் வாங்குவது, எல்லா வீட்டுக்கும் அதில் உரிமை இருக்கிறது என்று சொல்வதற்காக.

இலக்கியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் இருந்து இரண்டு சாகித்திய அகாதமி விருதாளர்கள்: கு. அழகிரிசாமி (1970), கி. ராஜநாராயணன் (1991). இதே வட்டாரத்தில் இருந்து பூமணி 2014-லும், சோ. தர்மன் 2019-லும் அந்த விருதை வாங்கினார்கள். ‘பட்டிக்காட்டுப் பேச்சு’ என்று ஒதுக்கப்பட்ட கரிசல் வழக்கைத் தேடித் தொகுத்து, ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார் கி.ரா. 2021 மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் இறுதிச் சடங்கு நடந்தது. 2022 டிசம்பரில் கோவில்பட்டியில் அவருக்கு நினைவகம் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் ‘இப்படிப் பேசாதே’ என்று திருத்தப்பட்ட ஒரு பிள்ளைக்கு, அதே பேச்சுக்கு விருது கிடைத்திருக்கிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய தைரியம்!

ஆனா, எந்தப் பெருமை? யாருடைய பெருமை?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தென் மாவட்டங்களில் ‘பெருமை’ என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அது சாதிப் பெருமை.

1997-ல் நடந்ததை இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. கட்டபொம்மனின் படையில் இருந்த வீரன் சுந்தரலிங்கம், இதே கரிசல் மண்ணில் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியைச் சேர்ந்தவர். அவர் பெயரில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தை அறிவித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்த நியாயமான மரியாதை அது. ஆனால், அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு எதிர்க்க, கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. அதுவரை ‘வ.உ. சிதம்பரனார் மாவட்டம்’ என்று இருந்தது ‘தூத்துக்குடி மாவட்டம்’ ஆனது அப்போதுதான். ஒருவருக்கு மரியாதை தர மனம் வராததால், எல்லோருடைய பெயரும் போனது.

அது பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். தாக்கியவர்களில் கூடப் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இந்த மாவட்டத்தில் சில நினைவு விழாக்களுக்கு முன்பு தடை உத்தரவு போடுவது மாவட்ட நிர்வாகத்தின் வாடிக்கையாகவே ஆகிவிட்டது. பெருமை கொண்டாடப் போலீஸ் பந்தோபஸ்து தேவைப்படுகிறது என்றால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் இதை விளக்க ஒரு நல்ல பிரிவினையைப் பயன்படுத்துகிறார். ஒரு வகை உறவு, ஒரே மாதிரி ஆட்களை இறுக்கிக் கட்டும். இன்னொரு வகை, வேறு வேறு ஆட்களுக்கு நடுவில் பாலம் போடும். முதல் வகையும் தேவைதான். காலங்காலமாக இழிவுபடுத்தப்பட்ட மக்கள் ஒன்றுகூடித் தங்கள் வீரனைக் கொண்டாடுவதையும், மற்றவரை மிரட்டுவதற்காக ஊர்வலம் போவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒரு ஊரில் முதல் வகை விழாக்கள் மட்டுமே இருந்தால், பக்கத்துத் தெருக்காரனைப் பார்க்கும் இடம் டீக்கடையும் கோர்ட்டும் மட்டும்தான் என்றாகிவிடும்.

மைதானம் பாலம் போடுகிறது. ஹாக்கியில் 11 பேர். பந்தைப் பாஸ் செய்யாமல் கோல் போட முடியாது. யாருக்குப் பாஸ் செய்வது என்பதைக் கையில் கட்டிய கயிறு முடிவு செய்தால் அந்த அணி தோற்கும். ஜெர்சிக்கு ஒரே நிறம்தான்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். ஒரு விளையாட்டு சாதியை ஒழித்துவிடாது. மைதானத்தில் ஒன்றாக ஆடியவர்கள் ஊருக்குள் தனித்தனித் தெருவுக்குத்தான் திரும்புகிறார்கள். ஆனாலும் 16 வயதில், தெரு கொடுக்கும் அடையாளத்துக்குப் பதிலாக இன்னொரு அடையாளத்தைக் கண்ணில் காட்டுவது, அந்த வயதில் எவ்வளவு முக்கியம் என்பதை நாங்குநேரி நமக்குச் சொல்லிவிட்டது.

கோயில் திருவிழா இதில் எங்கே வருகிறது?

கோவில்பட்டியின் பெயரிலேயே கோயில் இருக்கிறது. செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயிலின் பங்குனித் திருவிழா ஊரின் பெரிய விழா. பொதுவாக நம் ஊர்த் திருவிழாக்களில் மண்டகப்படி என்ற முறை இருக்கும். ஒவ்வொரு நாளின் செலவையும் பொறுப்பையும் ஒவ்வொரு தரப்பு ஏற்கும். ஒரு விதத்தில் இது எல்லோரையும் உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு. இன்னொரு விதத்தில் யாருக்கு எந்த நாள், யாருக்கு நாளே இல்லை என்று கோடு போடும் ஏற்பாடும்தான்.

அந்தக் கோடு முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டம் கண்டதேவி ஒரு உதாரணம். வடம் பிடிக்கும் உரிமை தொடர்பான பிரச்சினையும் தேர்ப் பழுதும் சேர்ந்து, 17 ஆண்டுகள் அங்கே தேர் ஓடவில்லை. 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது. எல்லோரும் இழுத்தால்தான் தேர் நகரும். இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

மற்ற ஊர்கள் எப்படிச் செய்தன?

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டமும் அதை ஒட்டிய ஜார்க்கண்டின் சிம்டேகாவும் பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதிகள். அங்கே கிராமத்துக் கிராமம் ஹாக்கி போட்டி நடக்கும். பரிசு என்ன தெரியுமா? ஆடு. ஜெயித்த அணி ஆட்டை ஓட்டிக்கொண்டு போய், ஊரோடு சமைத்துச் சாப்பிடும். பெரிய ஸ்பான்சர் கிடையாது, ஃபிளக்ஸ் கிடையாது. சுந்தர்கர் மாவட்டத்தின் சௌனமாரா என்ற ஒரே கிராமத்தில் இருந்து திலீப் திர்கி, அமித் ரோகிதாஸ் என்று இந்திய அணிக்கு ஆடியவர்கள் வந்தார்கள்.

இதில் இருந்து கரிசல் ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், அகில இந்தியப் போட்டி உச்சி மட்டும்தான் என்பது. அடியில் நூறு சின்னப் போட்டிகள் இருந்தால்தான் உச்சி நிற்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பாராட்டோடு சேர்த்து 2 கேள்விகளையும் கேட்க வேண்டும்.

முதலாவது, பெண்கள் எங்கே? தீப்பெட்டித் தொழிலில் இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் வேலை பார்ப்பது பெண்கள். ஊரின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துபவர்கள் அவர்கள். ஊரின் பெரிய விழாவில் அவர்கள் மைதானத்திலும் மேடையிலும் எத்தனை பேர்? கழிப்பறை, வெளிச்சம், இரவு பஸ் இந்த மூன்றும் இல்லாத விழா, ‘ஆண்களுக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டாமலேயே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, தண்ணீர். ஹாக்கிக்கான செயற்கைப் புல்வெளியை நனைத்துத்தான் ஆட வேண்டும். கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியில் இருந்து, தாமிரபரணியில் இருந்து குழாய் போட்டு வருகிறது. குடத்தோடு வரிசையில் நின்று பழகிய ஊர் இது. கோடையில் மைதானத்தை எந்தத் தண்ணீரில் நனைக்கிறோம், மறுசுழற்சி செய்த நீரைப் பயன்படுத்த முடியுமா என்பதை நடத்துபவர்கள் வெளிப்படையாகச் சொன்னால், பெருமையோடு நம்பிக்கையும் கூடும். உலக ஹாக்கியே தண்ணீர் குறைவாகத் தேவைப்படும் தரைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

உங்க ஊர்ல ஒரு விழா நடத்தணும்னு ஆசையா?

வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் ஊரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன செக்லிஸ்ட்:

• ஏற்கெனவே இருப்பதில் தொடங்குங்கள். கோவில்பட்டி ஹாக்கியை இறக்குமதி செய்யவில்லை, இருந்ததை வளர்த்தது. உங்கள் ஊரில் அது கபடியாக இருக்கலாம், ஒயிலாட்டமாக இருக்கலாம், நாட்டுக் கம்பு ரகமாகவும் இருக்கலாம்.

• பெரிய நன்கொடை ஒன்றைவிடச் சின்ன நன்கொடை நூறு மேல். கணக்கை விழா முடிந்த வாரமே எல்லோருக்கும் காட்டுங்கள்.

• கமிட்டியைப் பாருங்கள். எல்லாத் தெருவும் இருக்கிறதா? பெண்கள் இருக்கிறார்களா? இல்லை என்றால் அது ஊர் விழா இல்லை, உங்கள் தெரு விழா.

• மேடையைக் குறையுங்கள். பொன்னாடை போர்த்தும் நேரம், ஆட்டம் நடக்கும் நேரத்தைவிட அதிகமாகக் கூடாது.

• அடுத்த ஆண்டும் நடத்துங்கள். முதல் ஆண்டு நடந்தால் அது செய்தி. தொடர்ந்து நடந்தால்தான் வழக்கம். வழக்கமானால்தான் அது ஊரின் சொத்து.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்த்தால் இனி ஒன்றும் முளைக்காது என்று தோன்றும். ஆனால் ஒரு மழை பெய்தால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மழை இல்லாத வாரங்களிலும் பயிரைக் காப்பாற்றும். நல்ல விழாவுக்கும் அந்தக் குணம் வேண்டும். பந்தலைப் பிரித்த பிறகும், கிருஷ்ணா நகர் மைதானத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்கு யாராவது ஒரு பிள்ளை மட்டையோடு வந்து நின்றால், அந்த ஆண்டு விழா ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.